வெண்கலக் காலடியில் ஓர் ‘அவ்ளோதானா?’

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் இருந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, எப்போதும் கேட்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்பார் என்று பயமாக இருக்கிறது. முகத்துக்கு நேராக அவரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் அவர் ‘அவ்ளோதானா’.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி அவர் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு நான் கடன்பட்டு வீட்டைப் புதுப்பித்தேன். கூரையில் மறைவிளக்கு, சத்தமில்லாமல் நகரும் கதவு, பட்டனைத் தட்டினால் நிறம் மாறும் சுவர். வந்து பார்த்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அங்கிள் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அறை அறையாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடி ஓடி ஒவ்வொரு பட்டனையும் தட்டிக் காட்டினேன். வாசலுக்குத் திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

“அவ்ளோதானா?”

அந்தக் கடனுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பணம் போகும்போது அந்தக் குரல் காதில் கேட்கும்.

என் மகள் பிறந்தபோதும் வந்தார். தொட்டிலுக்குள் நன்றாகக் குனிந்து பார்த்தார். போர்வையைக்கூடக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார், அடியில் வேறு ஏதாவது இருக்குமோ என்பதுபோல. பிறகு நிமிர்ந்து அதையே கேட்டார். என் மனைவி அவரோடு மறுபடி பேச ஆரம்பித்தது பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான்.

வேலை பார்த்த இடத்தில் பிடித்த பழக்கம் அது. துவாஸில் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். ஓடும் பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும் குழாய்களைப் பார்த்து, ‘இது ஆகாது, இது ஆகாது’ என்று ஒதுக்க வேண்டும். அதற்கு மாதச் சம்பளம். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, ஒதுக்குவது நிற்கவில்லை. குழாய்களுக்குப் பதிலாகச் சிங்கப்பூர் அவர் முன்னால் வரிசையாக நகர்ந்து போக ஆரம்பித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதையும் பிடிக்காத மனிதர், எதையும் பார்க்காமல் விட்டதில்லை. புது எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்தால் முதல் நாளே போய் நகரும் படிக்கட்டில் ஏறி இறங்கிவிட்டு வருவார். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்கு போட்டால் முதல் சாயங்காலமே, சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். மயில் வைத்திருந்தால், “மயிலா? போன வருஷம் யானை” என்பார். யானை வைத்திருந்தால், “போன வருஷம் மயில்தான் பரவால்ல” என்பார். பிறகு தேக்கா சந்தைக்குப் போய் மீன்காரரிடம் ஒரு சண்டை. அது முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார். அவ்வளவு தூரம் போய் ஏமாந்து வருவதற்கு மனதில் எவ்வளவு ஆசை இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

என் கிறுக்கையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு சமமாக இருக்கட்டும். நான் வேலை பார்ப்பது நகரின் நடுவில், ஆற்றோரத்து வங்கிக் கோபுரம் ஒன்றில். அதன் வாசலில் ஒரு சிலை இருக்கிறது. சிலை என்றால் முழு உடம்பு இல்லை. ஒரே ஒரு கால். இடது கால். கணுக்காலோடு வெட்டியதுபோல, ஒரு மாடி உயரத்துக்கு வெண்கலத்தில் நிற்கிறது. அதற்கு ஆறு விரல்கள். சுண்டுவிரலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குட்டி விரல், கடைசி நேரத்தில் ஓடி வந்து போட்டோவில் சேர்ந்துகொண்ட பையன் மாதிரி. சிலைக்கு ‘அடுத்த அடி’ என்று பெயர். மதியச் சாப்பாட்டைத் தினமும் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டதில் எனக்குக் கலை புரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிட்டது. சில சனிக்கிழமைகள் வகுப்புக்குப் போய், நகரத்துச் சிலைகளைத் தமிழில் சுற்றிக்காட்டும் சம்பளமில்லாத தொண்டூழியராகச் சேர்ந்தேன். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். என் முதல் சுற்றுக்கு வந்தவர் ஒருவர்தான். அவரும் கழிவறைக்கு வழி கேட்க நின்றவர்.

இந்த இரண்டு கிறுக்கும் ஒருநாள் அந்தக் காலடியில் சந்தித்தன. அதற்குக் காரணம் அங்கிளின் மகள் வாணி.

வாணி என்னோடு படித்தவள். தாய் இல்லை. அப்பாவுக்கு ஒரே பிள்ளை. அவளுடைய இரண்டு சம்பந்தங்கள் அப்பாவின் ஒற்றைக் கேள்வியால் உடைந்து போயிருந்தன. முதலாவதாகப் பெண் பார்க்க வந்த பையன், அங்கிளைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான். அவன் எழுந்து முடித்த பிறகும் அங்கிள் மேலே பார்த்தபடி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “அவ்ளோதானா?” என்று கேட்டார். இரண்டாவது வீட்டில் பையனின் அம்மா பாட்டுப் படித்தவர். கண்களை மூடிக்கொண்டு நீளமாக ஒரு பாட்டுப் பாடினார். பாடி முடித்ததும் அங்கிள் கேட்டார். இன்னொரு பாட்டு வேண்டும் என்று கேட்கிறார் என்றுகூட அந்த அம்மாள் நினைத்துக்கொண்டிருக்கலாம். அங்கிளின் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது, வாணியே தேடிக்கொண்டது. கோயம்புத்தூர்ப் பையன், இங்கே எஞ்சினியர். அவன் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து ஊர் சுற்றுவது, அன்று இரவு விமானம் ஏறுவதற்குள் அவர்கள் ஒரு முடிவு சொல்வது என்று ஏற்பாடு. சனிக்கிழமை வாணி என்னைப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரச் சொன்னாள். அங்கிளும் அங்கே கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி.

“நாளைக்கு நீ எங்களோட வர்ற. அப்பா பக்கத்துலயே நிக்கிற. அவர் வாயைத் தொறந்தா, காலை மிதி” என்றாள் வாணி.

“நானா? அங்கிளையா?”

“நான் அந்த ஆன்ட்டிகூட நடக்கணும் லா. வேற யாரு இருக்கா? இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுனா, ஆயுசு பூரா நானும் இவரும் மட்டும் தீபாவளி லைட்ட அண்ணாந்து பாத்துக்கிட்டு நடக்க வேண்டியதுதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அங்கிள் அதைப் பார்த்தார், பார்க்காததுபோலவும் இருந்தார்.

“மிதிக்கட்டும்மா. நான் ஒண்ணும் சொல்லல” என்றார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். “ஆனா இவன் மிதிச்சா வலிக்குமா? ஆளப் பாரு.”

மறுநாள் காலை சிராங்கூன் சாலையில் தொடங்கினோம். கோயில், பிறகு தோசை. பையன் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனான். சம்பந்தி, அதாவது பையனின் அப்பா, நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, பழுப்புத் தோல்செருப்பு. அவர் மனைவி ஒல்லியானவர். கணவரின் முழங்கையை விடாமல் பிடித்தபடியே நடந்தார். இந்த வயதிலும் எவ்வளவு அன்னியோன்னியம் என்று நினைத்துக்கொண்டேன்.

“காப்பி நல்லாருக்குதுங்க” என்றார் சம்பந்தி.

அங்கிளின் உதடு பிரிந்தது. மிதித்தேன்.

“ஆமா. நல்லாருக்கு” என்றார், பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர்போல.

“ரயில் நல்லாருக்குதுங்க.”

மிதித்தேன். “ரொம்ப நல்லாருக்கு.”

“வெயிலும் நல்லாத்தானுங்க இருக்குது.”

எனக்கே தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? மிதித்துக்கொண்டே இருந்தேன். மதியச் சாப்பாட்டில் மீன்தலைக் கறி வந்தது. அங்கிள் அந்தத் தலையைப் பார்த்தார், அந்தத் தலையும் அவரைப் பார்த்தது. மேசைக்கு அடியில் அவரே என் பக்கம் காலை நகர்த்திவைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார்: “அழுத்தி மிதிடா. வந்துரும் போலருக்கு.”

கை கழுவும் இடத்தில் வாணி என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. “அவர் சொல்றாரு, அவங்கப்பா மூஞ்சி சரியில்லையாம். ராத்திரி பேசிக்கலாம்னு சொல்றாராம். எங்கப்பா ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒரு வார்த்தை சொல்லல. ‘நல்லாருக்கு’ மட்டும்தான்.”

“அப்புறம் ஏன்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது மனிதன் தனக்குத் தெரிந்ததைக் காட்டத் துடிப்பான். “வா, எங்க ஆபீஸ் கால் சிலையைக் காட்டலாம். மனசு மாறிடும்” என்றேன். பையில் பேட்ஜ் தயாராக இருந்தது.

வெயில் உச்சியில் நின்றது. வெண்கலக் கால் தகதகவென்று மின்னியது. நான் பேட்ஜை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் சம்பந்தி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டார். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவருக்கு அது பாதம். பாதத்தைக் கண்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். பெருவிரலைத் தொட்டார், சூடு தாங்காமல் கையை உதறினார். அப்படியும் விடவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற ஒரு சுற்றுலாக் கூட்டம் இதுதான் இங்கே வழக்கம் என்று நினைத்துவிட்டது. அவர்களும் காலணிகளைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராகத் தொட்டு, சுட்டுக்கொண்டு, கையை ஊதிக்கொண்டு நகர்ந்தார்கள்.

நான் குரலை உயர்த்தினேன். “இது வெறும் கால் அல்ல. நின்றுவிடாமல் நடந்துகொண்டே இருக்கும் ஒரு நகரத்தின் அடையாளம். ஐந்து விரல்கள் நாம் கடந்து வந்த பாதை. இதோ, இந்த ஆறாவது விரல் எதிர்காலம்.”

அதற்குள் குதிகாலின் நிழலுக்காக எல்லோரும் இடம் மாறி நின்றிருந்தார்கள். ‘எதிர்காலம்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும், பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அந்த மூச்சு எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க நேரமில்லை. கீழே பழுப்புச் செருப்பு ஒன்று தெரிந்தது. காலை உயர்த்தி, அன்றைக்கு முழுவதும் மிதித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே மிதி மிதித்தேன்.

“ஐயோ!” என்று அலறினார் சம்பந்தி.

அங்கிளுக்கும் பழுப்புச் செருப்புதான். அவர் எனக்கு மறுபக்கம் நின்றார்.

“ஏனுங்க தம்பி! காத்தாலிருந்து இவ கிள்ளிக் கிள்ளி முழங்கையில சதையே இல்லாமப் போச்சு. இப்ப நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“ஏனுங்க, சித்த சும்மா இருங்க” என்றார் அவர் மனைவி. அவர் கை மறுபடி கணவரின் முழங்கைக்குப் போயிற்று.

“இனி எப்படிப் புள்ள சும்மா இருக்கறது? காத்தால குடுத்தது காப்பியா அது? ரயிலாம் ரயிலு, தண்டவாளத்துல போகுது. எங்கூர்லயுந்தான் போகுது. மத்தியானம் மீனுன்னாங்க, தலைய மட்டும் கொண்டாந்து வெச்சாங்க. செரி போகுதுன்னா, இங்க வந்தா முழங்காலு இல்லாத ஒரு காலு. அதுக்கு ஆறு வெரலு. வெயில்ல நிறுத்தி வெச்சு, அதான் எதிர்காலம்ங்கறாரு இவரு!”

வாணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போயிற்று, மூன்றாவதும் போயிற்று, அதுவும் என் காலால் போயிற்று என்று நான் நின்றேன்.

அங்கிள்தான் முதலில் பேசினார். “காலையிலேர்ந்து எல்லாத்தையும் நல்லாருக்குன்னீங்களே?”

“இவ சொல்லச் சொன்னாளுங்க. பொண்ணு வூட்டுல போயி வாயத் தொறக்காதீங்கன்னு. நீங்களுந்தான் எதைக் காட்டினாலும் நல்லாருக்குன்னீங்க. ராத்திரி பையன்கிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடலாம்னு இருந்தேனுங்க. எதைப் போட்டாலும் நல்லாருக்குங்கற மனுசன்கூட ஆயுசுக்கும் என்னத்தைப் பேசறது?”

அங்கிள் மெதுவாகத் திரும்பி வெண்கலக் காலைப் பார்த்தார். குதிகாலில் தொடங்கினார். கணுக்காலில் கொஞ்சம் நின்றார். பெருவிரலிலிருந்து விரல் விரலாக நகர்ந்து, ஆறாவது விரலில் வந்து முடித்தார். பகல் முழுவதும் பட்டினி கிடந்தவன் இலைக்கு முன்னால் உட்காருவதுபோல நிதானமாக வாயைத் திறந்தார்.

“அவ்ளோதானா?”

சம்பந்தி கண்களை மூடிக்கொண்டார். அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

“அதேதானுங்க!” என்றார். “காத்தாலிருந்து எனக்கு இந்த வார்த்தைதான் அம்படவே இல்லீங்க.”

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த யாராலும் முடியவில்லை. முழங்கால் எங்கே என்று ஒருவர் கேட்க, காசு கணுக்காலோடு தீர்ந்திருக்கும் என்றார் மற்றவர். இன்னொரு காலை எந்த ஊருக்கு விற்றிருப்பார்கள் என்று யோசித்தார்கள். தொட்டுக் கும்பிட்டுச் சுட்டுக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்து இருவரும் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் பார்வை என் மேல் விழுந்தது.

“இதைச் சொல்றதுக்குத் தம்பிக்கு என்னங்க குடுக்கறாங்க?”

“ஒண்ணும் கிடையாது. ஃப்ரீயா செய்றான். கழுத்துல அந்த பேட்ஜ் மட்டும்தான்.”

இருவரும் என் பேட்ஜைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகை பார்த்ததுபோல இரண்டு வாய்களும் ஒன்றாகத் திறந்தன. அதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை.

“தை பொறந்ததும் வெச்சுக்கலாமுங்க” என்றார் சம்பந்தி, அந்தக் குதிகால் நிழலிலேயே. வாணியின் கல்யாணம் நிச்சயமானது என்னைக் காறித் துப்பாத குறையாகப் பேசிய ஒரு பேச்சில். நான் மொய்யும் வைத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வருஷா வருஷம் வந்தார். மகனைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு தீபாவளி விளக்கு போடும் சமயமாகப் பார்த்து வருவார். அவரும் அங்கிளும் சலவை செய்த சட்டையோடு சிராங்கூன் சாலையில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். புதிதாக எங்கே என்ன திறந்தாலும் இருவரும் முதல் நாளே ஆஜர். என் தமிழ்ச் சுற்றுக்கும் வர ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ‘எதிர்காலம்’ என்று சொல்லும் இடத்துக்காகக் காத்திருந்து, அது வந்ததும் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். அதனாலேயே எனக்கு அவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது.

அங்கிள் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், மதியத் தூக்கத்தில். சம்பந்தியும் அவர் மனைவியும் கிடைத்த முதல் விமானத்தைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள்.

மண்டாய்த் தகனச்சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். கீழே ஒரு பெரிய கூடம். ஆள் யாரும் இல்லை. ஒரு கதவு திறந்தது. அங்கிளின் பெட்டி தானாக நகர்ந்து வந்தது. ஒரே வேகத்தில், நேர்க்கோட்டில். துவாஸில் அவர் முன்னால் அந்தக் குழாய்கள் இப்படித்தான் போயிருக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு கதவு திறந்தது. பெட்டி உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. கூடம் மறுபடி காலியாக இருந்தது.

வாணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சம்பந்தி எனக்கு வலது பக்கம் நின்றார். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதனிடம் கேட்பதுபோல, மரியாதையாக, மெல்லிய குரலில் கேட்டார்:

“அவ்ளோதானுங்களா?”

அவர் மனைவியின் கை முழங்கைக்குப் போயிற்று. கிள்ளவில்லை, பிடித்துக்கொண்டது. என் கால் பழக்கத்தில் தானாக நகர்ந்து அந்தப் பழுப்புச் செருப்பைத் தேடிப்போனது. இந்த முறை குறி தவறவில்லை. மெதுவாக மிதித்தேன்.

அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார். கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அழுத்தி மிதிங்க தம்பி” என்றார். “வந்துரும் போலருக்குதுங்க.”